வினாவின் உரிமை: கிரீ சமூகங்களில் ஆய்வுக் கட்டுப்பாடு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கனடாவின் கிரீ சமூகங்களில் நிகழும் ஆய்வுகளை அச்சமூகங்களே நெறிப்படுத்த வேண்டும் என்னும் கோரிக்கை கடந்த முப்பது ஆண்டுகளில் தரவு நெறிமுறையாகவும் ஆய்வு முறையியலாகவும் வளர்ந்துள்ளது. உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் என்னும் நான்கு கொள்கைகளும், ஷான் வில்சன், மார்கரெட் கோவாச் ஆகியோரின் முறையியல் நூல்களும் இவ்வளர்ச்சியின் இரு முகங்கள். ஆய்வு மீதான கட்டுப்பாடு என்பது திரட்டப்பட்ட தரவின் மீதான உரிமையாகச் சுருங்கும்போது அதன் உயிர்நாடி நழுவிவிடுகிறது என்பதும், எதை ஆராய வேண்டும் என்று வினவும் உரிமையே அதன் முதற்படி என்பதும் இக்கட்டுரையின் வாதங்களாகும். 1930கள் முதல் இன்று வரை கிரீ மக்களிடையே நடந்த சில ஆய்வுகள் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கிரீ மக்கள், தொல்குடி ஆய்வு முறையியல், தரவு உரிமை, உறவுசார் பொறுப்புடைமை, ஆய்வறம்.

முன்னுரை

கிரீ மக்கள் கனடாவின் முதற்குடிகளுள் எண்ணிக்கையில் மிகப் பெரியோர் வரிசையில் வைக்கத்தக்கவர். கிழக்கே கியூபெக்கின் ஜேம்ஸ் விரிகுடாக் கரை தொடங்கி, ஒன்டாரியோ, மானிடோபா, சஸ்காச்சுவான் வழியாக மேற்கே ஆல்பர்ட்டா வரை அவர்தம் வாழிடங்கள் பரவியுள்ளன. சமவெளிக் கிரீயர் தம்மை நேஹியவ் என்றும், ஜேம்ஸ் விரிகுடாவின் கிழக்குக் கரையினர் ஈயூ என்றும் அழைத்துக்கொள்வர். அல்கோன்கியன் மொழிக்குடும்பத்தைச் சார்ந்த இவர்தம் மொழி, லெனார்டு புளூம்ஃபீல்டு 1925இல் சஸ்காச்சுவானின் சுவீட் கிராஸ் ஒதுக்கிடத்தில் திரட்டி 1930இலும் 1934இலும் வெளியிட்ட கதைத் தொகுதிகளால் மொழியியல் உலகில் நன்கு அறியப்பட்டது.

மொழியியலார், மானிடவியலார், மருத்துவர், சூழலியலார் எனப் பலரும் நூறாண்டுகளாக இம்மக்களிடம் சென்றுள்ளனர். இவ்வாறு மிகுதியாக ஆராயப்பட்ட ஒரு மக்கள், ஆய்வு என்னும் செயலையே கேள்விக்கு உட்படுத்தியபோது முன்வைத்த விடைகள் யாவை, அவற்றின் வலிமை யாது, போதாமை யாது என்பனவற்றை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சஸ்காச்சுவானில் இரண்டு ஆய்வுகள்

1930களின் சஸ்காச்சுவானிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். 1933இல் ஃபோர்ட் குவாப்பெல் பகுதியில், ஆர். ஜி. ஃபெர்குசன் என்னும் மருத்துவர் காசநோய்த் தடுப்பு மருந்தான பி.சி.ஜி.யின் பயனை அறியும் சோதனையைத் தொடங்கினார். கிரீ மக்களும் அவர்தம் அண்டைக் குடிகளும் வாழ்ந்த ஒதுக்கிடங்களின் பச்சிளங்குழந்தைகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு ஊசி போடப்பட்டது, மற்றொன்றுக்குப் போடப்படவில்லை. மருத்துவ நோக்கில் சோதனை வெற்றி பெற்றது. ஆனால் வரலாற்றாசிரியர் மௌரீன் லக்ஸ் 1998இல் இச்சோதனையை மீளாய்வு செய்தபோது வேறோர் உண்மையைச் சுட்டினார். காசநோயிலிருந்து காக்கப்பட்ட குழந்தைகளும் நிமோனியா, வயிற்றுப்போக்கு முதலிய வறுமை நோய்களால் தொடர்ந்து மாண்டனர். குழந்தைகள் ஏன் சாகின்றனர் என்னும் வினாவுக்கு ஒழுகும் வீடும் போதாத உணவும் விடைகளாக இருந்தன. தடுப்பு மருந்து பயன்படுமா என்னும் வினாவோ அவ்விடைகளைக் காண வேண்டிய தேவையை ஆய்வாளருக்கு ஏற்படுத்தவில்லை.

அதே மாகாணத்தில், 1934இலும் 1935இலும் டேவிட் மாண்டல்பாம் என்னும் இளம் மானிடவியலாளர் களப்பணி ஆற்றினார். 1940இல் வெளிவந்த அவரது ‘சமவெளிக் கிரீயர்’ என்னும் நூல் இன்றும் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. காட்டெருமை வேட்டைக் காலத்தின் வாழ்வைக் கண்ட முதியோரின் நினைவிலிருந்து அக்காலத்தை மீட்டெடுத்த அரிய பணி அது. எனினும், அந்நூலின் மையம் இறந்த காலமே. முதியோர் அமர்ந்து பேசிய அதே ஒதுக்கிடங்களில் அன்று நிலவிய பசியும், வெளியே செல்ல அனுமதிச் சீட்டு கேட்ட நிருவாகமும் அவ்வாய்வின் வினாவுக்குள் பெரிதும் இடம்பெறவில்லை.

இவ்விரு ஆய்வுகளும் ஒரே தன்மையன அல்ல. ஒன்று உடலைச் சோதித்தது. மற்றொன்று நினைவைப் பதிந்தது. பின்னது பேசியவரை மதித்தது. இன்று கிரீ மக்களும் அதனைப் பயன்கொள்கின்றனர். ஆயினும் ஒரு பொதுமை உண்டு. எதை அறிய வேண்டும் என்பது இரண்டிலும் வந்தவர் கையில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

கட்டுப்பாட்டுக் குழுவாக இருந்தவர்கள்

இப்போக்கின் கொடிய வடிவம் 1942இல் வடக்கு மானிடோபாவின் கிரீ ஊர்களில் வெளிப்பட்டது. அரசின் மருத்துவத் துறையைச் சார்ந்த பெர்சி மூர், குழந்தை உணவியல் வல்லுநர் ஃபிரடெரிக் டிஸ்டால் ஆகியோர் நார்வே ஹவுஸ், கிராஸ் லேக் முதலிய இடங்களுக்குச் சென்று, மக்கள் கடும் ஊட்டக்குறைவில் வாழ்வதைக் கண்டனர். மென்மயிர்த்தோல் வாணிகம் சரிந்ததும், அரசின் நிவாரணம் மிகக் குறைவாக இருந்ததும் அவர்கள் அறிந்தவையே. ஆயினும் தொடங்கப்பட்டது ஒரு சோதனை. ஊட்டக்குறைவுற்ற 300 பேரில் 125 பேருக்கு உயிர்ச்சத்துகள் வழங்கப்பட்டன. எஞ்சியோர் ஒப்பீட்டுக்காக அவ்வாறே விடப்பட்டனர். 1947–48இல் ஜேம்ஸ் விரிகுடாவின் அட்டவாபிஸ்காட், ரூபர்ட்ஸ் ஹவுஸ் ஆகிய கிரீ ஊர்களிலும் ஊட்டச்சத்து ஆய்வு நடந்தது. 1948 முதல் 1952 வரை ஆறு உறைவிடப் பள்ளிகளில் முதற்குடிச் சிறார் மீது சோதனைகள் தொடர்ந்தன. இவற்றை அரசு ஆவணங்களிலிருந்து தொகுத்து இயான் மாஸ்பி 2013இல் வெளியிட்ட கட்டுரை கனடா முழுவதும் அதிர்ச்சியை உண்டாக்கியது.

மாஸ்பியின் கட்டுரை பொதுவாக இசைவு பெறப்படாத சோதனை என்னும் கோணத்திலேயே விவாதிக்கப்படுகிறது. அது சரியே, ஆனால் போதாது. அம்மக்களிடம் முறையாக விளக்கிக் கையொப்பம் பெற்றிருந்தால் அச்சோதனை அறமுடையதாகியிருக்குமா? எந்த உயிர்ச்சத்து குறைகிறது என்று ஆய்வாளர் வினவினர். எங்கள் உணவு எங்கே போயிற்று என்பது பசித்தவரின் வினாவாக இருந்திருக்கும். முதல் வினாவின் விடை மாத்திரையாக அமையும். இரண்டாம் வினாவின் விடை அரசின் கொள்கையைக் குற்றஞ்சாட்டும். இசைவு என்பது பிறர் எழுப்பிய வினாவுக்குத் தலையசைப்பது மட்டுமே.

இங்கு ஒரு சொல்லை நின்று நோக்க வேண்டும். சோதனை முறையியலில் சிகிச்சை பெறாத பிரிவினரைக் கட்டுப்பாட்டுக் குழு என்கிறோம். ஆய்வுலகில் கட்டுப்பாடு என்னும் சொல் கிரீ மக்களை முதலில் வந்தடைந்தது இப்பொருளில்தான். அரை நூற்றாண்டுக்குப் பின் முதற்குடியினர் அதே சொல்லைத் தம் கோரிக்கையின் நடுவே வைத்தனர்.

நான்கு சொற்களின் வலிமையும் எல்லையும்

1997இல் கனடாவில் முதற்குடியினரின் பங்கேற்புடன் ஒரு நாடளாவிய உடல்நலக் கணக்கெடுப்பு நடந்தது. அதனை வழிநடத்திய குழுவின் உரையாடல்களிலிருந்து 1998இல் உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் என்னும் கொள்கைகள் உருப்பெற்றன. ஆங்கில முதலெழுத்துகளால் ஓகேப் என வழங்கும் இக்கொள்கைகளைப் பேணும் பொறுப்பு, 2010இல் நிறுவப்பட்ட முதற்குடியினர் தகவல் ஆளுகை மையத்திடம் உள்ளது. அதே 2010இல் கனடாவின் மூன்று ஆய்வு நிதி முகமைகளும் கூட்டாக வெளியிட்ட ஆய்வறக் கொள்கையின் இரண்டாம் பதிப்பு, தன் ஒன்பதாம் இயலை முழுமையாகத் தொல்குடி மக்கள் குறித்த ஆய்வுக்கு ஒதுக்கியது.

நான்கனுள் கைவசம் என்பது நுண்ணிய அரசியல் அறிவின் வெளிப்பாடு. உடைமை என்பது ஏட்டளவிலான உறவு. கைவசம் என்பது தரவு இருக்கும் இடம். தரவு சமூகத்தின் பெயரில் இருந்தும், அரசின் பெட்டகத்தில் கிடக்குமானால், அரசின் சட்டங்களும் தகவல் கோரிக்கைகளும் அதனை எந்நேரமும் திறக்கக்கூடும். உரிமை என்ற சொல் எத்தனை ஒப்பந்தங்களில் எழுதப்பட்டுப் பின் பொருளற்றுப் போயிற்று என்பதைப் பட்டறிந்த மக்களே கைவசம் என்னும் நான்காம் சொல்லின் தேவையை உணர்வர்.

ஆயினும், நான்கு சொற்களையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஒரு சாய்வு புலப்படுகிறது. உடைமை, அணுகல், கைவசம் ஆகிய மூன்றும் தரவு உருவான பின்னரே பொருள் பெறுவன. கட்டுப்பாடு ஒன்றே ஆய்வு முளைவிடும் இடத்தையும் தொடவல்லது. தொடக்கம் முதல் முடிவு வரை ஆய்வின் எல்லா நிலைகளையும் கட்டுப்பாடு உள்ளடக்கும் என்றே அக்கொள்கையும் விளக்குகிறது. ஆனால் பல்கலைக்கழகத்தின் அன்றாட நடைமுறை, எளிதில் எழுதிக் கையொப்பமிடத்தக்க பகுதியையே நாடும். தரவு எங்கே வைக்கப்படும், யார் பார்க்கலாம், எத்தனை ஆண்டுகளில் அழிக்கப்படும் என்பனவற்றைப் படிவத்தில் நிரப்பலாம். இவ்வாய்வு எங்களுக்குத் தேவையா என்னும் வினாவுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. நிதி விண்ணப்பம் ஏற்கப்பட்ட பின் சமூகத்தை நாடும் ஆய்வாளர், ஒப்புதலைத் தேடுகிறாரேயன்றி வினாவைத் தேடவில்லை.

உறவு என்னும் முறையியல்

தரவு நெறிமுறை எட்டாத இவ்விடத்தைக் கிரீ அறிஞர்களின் முறையியல் நூல்கள் வேறு வழியாக அணுகுகின்றன. மானிடோபாவின் ஒபாஸ்குவாயாக் கிரீ குடியைச் சார்ந்த ஷான் வில்சனின் ‘ஆய்வு ஒரு சடங்கு’ 2008இல் வெளிவந்தது. அறிவு என்பது தனியொருவர் ஈட்டும் பொருளன்று. மாந்தரோடும் நிலத்தோடும் எண்ணங்களோடும் கொண்ட உறவே அறிவு என்பது அந்நூலின் கருத்து. ஆகவே, ஆய்வாளரின் தலையாய கடமை தன் உறவுகளுக்குப் பொறுப்புடையவராதல். இதனை உறவுசார் பொறுப்புடைமை எனலாம். நூலின் வடிவமும் இக்கருத்தைப் பின்பற்றுகிறது. ஆய்வு நடைக்கிடையே தம் புதல்வர்க்கு எழுதும் மடல்களாகப் பல பகுதிகளை வில்சன் அமைத்துள்ளார். முகமறியா வாசகரிடம் உறவு கொள்ள இயலாது என்பதால், தாம் அறிந்த பிள்ளைகளை வாசகராக்கிக்கொள்கிறார்.

நேஹியவ், சோல்டோ மரபினரான மார்கரெட் கோவாச்சின் ‘தொல்குடி முறையியல்கள்’ 2009இல் வெளிவந்தது. ஆய்வாளர் தம்மை ஆயத்தம் செய்துகொள்ளுதல், மரபொழுங்கைப் பேணுதல், உரையாடலாக அறிவைத் திரட்டுதல், பொருள்கொள்ளுதல், திருப்பியளித்தல் என ஆய்வின் படிநிலைகளை அவர் நேஹியவ் அறிவுமரபின் அடிப்படையில் வகுக்கிறார். மூத்தோரிடம் அறிவு நாடிச் செல்பவர் புகையிலை அளித்துக் கேட்பது கிரீ மரபு. அப்புகையிலையைப் பெறலாம், மறுக்கவும் செய்யலாம். படிவத்தில் கையொப்பமிடுவது ஆய்வாளரைப் பாதுகாக்கிறது; புகையிலையை ஏற்பது இருவரையும் கடமைப்படுத்துகிறது.

ஓகேப் கொள்கையின் மொழி உடைமையின் மொழி. வில்சனின் மொழி உறவின் மொழி. அறிவு யாருக்கும் உடைமையன்று என்போர், தரவு எங்கள் உடைமை என்று எங்ஙனம் கோர இயலும் என்னும் வினா இங்கு எழுவது இயல்பு. இம்முரண் மேலோட்டமானது என்றே தோன்றுகிறது. உடைமைச் சொல் வெளியே அரசையும் பல்கலைக்கழகத்தையும் நோக்கிப் பேசப்படுவது. அந்நிறுவனங்களுக்கு விளங்கும் சட்டமொழி அது ஒன்றே. உறவுச் சொல் உள்ளே தம்மவரை நோக்கிப் பேசப்படுவது. வாக்கோதோவின் எனக் கிரீ மொழி குறிக்கும் உறவுநெறி அதன் வேர். வேலி வேறு, வயல் வேறு. வேலி வயலைக் காக்கும், விளைவிக்காது.

வில்சனின் நூலுக்கு ஓர் எல்லை உண்டு. அவர் உரையாடிய இணையாய்வாளர்கள் பெரும்பாலும் கனடாவையும் ஆஸ்திரேலியாவையும் சார்ந்த தொல்குடி அறிஞர்கள். பல்கலைக்கழகத்துக்குள் தம் குரலுக்கு இடம் தேடியவர்கள். ஆகவே, தொல்குடி ஆய்வாளர் எவ்வாறு ஆராய வேண்டும் என்பதற்கு அந்நூல் ஆழ்ந்த விடை தருகிறது. ஆய்வாளராக விரும்பாத, ஆனால் ஓர் ஆய்வு நடக்க வேண்டும் என்று விரும்பும் வேட்டைக்காரரோ தாயோ தம் வினாவை எங்கே கொண்டு செல்வது என்பதற்கு விடை குறைவு.

மீனும் பாதரசமும்

அவ்விடையின் ஒரு பகுதி ஜேம்ஸ் விரிகுடாவில் கிடைக்கிறது. 1971இல் கியூபெக் முதல்வர் ராபர்ட் பூராசா அறிவித்த நீர்மின் திட்டத்தை ஈயூ மக்கள் நீதிமன்றத்தில் எதிர்த்தனர். 1973 நவம்பரில் நீதிபதி ஆல்பர்ட் மலூஃப் பிறப்பித்த தடை ஒரு வாரத்தில் நீக்கப்பட்டது. 1975 நவம்பரில் ஜேம்ஸ் விரிகுடா, வடக்குக் கியூபெக் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் வழியே 1978இல் கிரீ உடல்நல, சமூகசேவை வாரியம் உருவானது.

நீர்த்தேக்கங்கள் நிரம்பியபின் மூழ்கிய மண்ணிலும் தாவரத்திலும் இருந்த பாதரசம் நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி மீன்களில் சேர்ந்தது. பிற மீன்களை உண்ணும் பெருமீன்களில் அது பன்மடங்கு மிகுந்தது. தலைமுடியிலும் குருதியிலும் பாதரச அளவு கணக்கிடப்பட்டது. குறிப்பிட்ட மீன்களைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்பட்டது. 1986இல் பாதரசம் குறித்த தனி உடன்பாடும் ஏற்பட்டது. அளவீடுகள் பொய்யல்ல, தேவையும் ஆனவை. ஆனால் மீனைத் தவிர் என்னும் அறிவுரை, மீன்பிடி முகாமையும், அங்குப் பேரப்பிள்ளை கற்பதையும், கடையுணவுக்கு மாறாத உடலையும் சேர்த்தே தவிர்க்கச் செய்யும். நீரிழிவு பெருகிவந்த காலத்தில் இது சிறிய செய்தியன்று.

இவ்விடத்தில் நவோமி ஆடெல்சனின் 2000ஆம் ஆண்டு நூல் துணைபுரிகிறது. வாப்மகூஸ்ட்டுயி ஊரில் களப்பணி ஆற்றிய அவர், ஆங்கிலத்தின் உடல்நலம் என்னும் சொல்லுக்கு நேரான கிரீ சொல் இல்லை என்றும், மக்கள் மியுபிமாதிசியுன், அதாவது நன்றாக உயிர்வாழ்தல் என்றே பேசினர் என்றும் காட்டினார். வேட்டையாட முடிதல், நல்லுணவு உண்ணுதல், குளிரில் கதகதப்பாக இருத்தல் ஆகியன அச்சொல்லில் அடங்கும். ஆடெல்சன் கிரீயர் அல்லர். ஆனால் கொண்டுவந்த சொல் பொருந்தாதபோது அதனைக் கீழே வைத்து, அம்மக்களின் சொல்லிலிருந்து வினாவை மீண்டும் அமைத்தார். வினாவின் உரிமை பிறப்பால் மட்டும் வருவதன்று. ஆய்வாளர் தம் வினாவை மாற்றிக்கொள்ள இடந்தருவதாலும் அது காக்கப்படும் என்பதற்கு இந்நூல் சான்று.

அதன்பின் வாரியமும் பல்கலைக்கழகங்களும் இணைந்து, 2005இல் மிஸ்டிஸினியில் பல்லூர்ச் சூழல்–உடல்நல ஆய்வொன்றைத் தொடங்கின. மாசுப்பொருள்கள் தனித்து அளவிடப்படாமல் உணவு, நீரிழிவு, வாழ்முறை ஆகியவற்றோடு சேர்த்து ஆராயப்பட்டன. ஆய்வின் கிரீ பெயரே நிலத்தைப் பற்றி அறிதல் என்னும் பொருளது. வினவும் உரிமைக்கு நிறுவனமும் நிதியும் வாய்க்கும்போது வினாவின் அகலம் மாறுகிறது.

சமூகம் என்பது யார்?

சமூகக் கட்டுப்பாடு என்னும்போது சமூகத்துக்காகப் பேசுபவர் யார் என்னும் வினாவைத் தவிர்த்தல் நேர்மையாகாது. குடித்தலைவர், மன்றம் என்னும் இன்றைய அமைப்பு பெரும்பாலான ஒதுக்கிடங்களில் 1876ஆம் ஆண்டின் இந்தியர் சட்டம் சுமத்திய வார்ப்பில் உருவானது. அம்மன்றத்தின் ஒப்புதல், ஊரிலுள்ள பெண்களின், இளையோரின், ஊரைவிட்டு நகரங்களில் வாழும் கிரீயரின் ஒப்புதல் ஆகுமா? மன்றத்தின் செயற்பாட்டையே ஆராய வேண்டியிருப்பின் அனுமதி யாரிடம் கேட்பது?

கனடாவின் ஆய்வறக் கொள்கை இச்சிக்கலை அறிந்தே உள்ளது. சமூகத்துக்குள் நலன்கள் பலவாக இருக்கலாம் என்பதையும், தொல்குடி அரசுகள் உள்ளிட்ட அமைப்புகளை விமர்சன நோக்கில் ஆராயும்போது தலைமையின் வழக்கமான ஒப்புதலின்றியும் அறநெறி வழுவாது ஆய்வு நிகழ்த்தலாம் என்பதையும் ஒன்பதாம் இயல் ஏற்கிறது. ஆனால் இவ்விலக்கை வெளியாய்வாளர் கையிலெடுத்தால், பழைய கதவே புதிய பெயரில் திறக்கப்படலாம். இங்கும் வினா யாருடையது என்பதே உரைகல்லாகிறது. மன்றம் விரும்பாத வினாவை ஊரின் பெண்களே எழுப்புவராயின், அது சமூகத்தின் வினாவே. வெளியார் தம் ஆர்வத்துக்காக எழுப்புவராயின், மன்றம் ஒப்பினும் அது சமூகத்தின் வினா ஆகாது.

இதற்குக் கிரீ எழுத்திலேயே முன்னோடி உண்டு. ஃபிரீடா அஹெனகியூ, எச். சி. வோல்ஃபார்ட் பதிப்பில் 1992இல் வெளிவந்த பாட்டிமாரின் வாழ்க்கைக் கதைகளில், முதிய கிரீப் பெண்கள் தம் மொழியில் அன்றாடப் பாட்டைப் பேசினர். கிரீப் பெண்ணான அஹெனகியூ கேட்டதால் அப்பேச்சு அவ்வாறு விரிந்தது. தலைமை வழியாகச் சென்ற எந்த விண்ணப்பமும் இதனைப் பெற்றிருக்காது.

நீலகிரி வரை

தொலைவிலுள்ள ஒரு நாட்டின் சிக்கலாக இதனைக் கருதிக் கடந்துவிட இயலாதவாறு ஒரு தொடர்பு உள்ளது. சமவெளிக் கிரீயரிடம் களப்பணி முடித்த அதே மாண்டல்பாம், 1937இல் நீலகிரிக்கு வந்து கோத்தர்களை ஆராய்ந்தார். அக்காலத்தில் எமனோவும் அங்கே தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரே கையேடு இரு மலைநாட்டு, சமவெளி மக்களிடம் சென்றது எனலாம். பின்னர்ச் சஸ்காச்சுவானில் அக்கையேட்டைக் கேள்வி கேட்டவர்கள் எழுந்தனர். நீலகிரிக்குச் செல்லும் நம் ஆய்வாளர்களின் கையேடு எந்த அளவு மாறியுள்ளது?

நம் ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் இடம்பெறுகிறது. பெயர், வயது, ஊர் என்னும் மூன்று நிரல்களில் அவர்கள் அடங்கிவிடுகின்றனர். தலைப்பைத் தேர்ந்தவர் நெறியாளரும் மாணவரும். முடித்த ஏட்டின் படியொன்று அவ்வூருக்குச் செல்லுதல் பரவலான வழக்கமாகவில்லை. உடல்நல ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் உள்ளன. பாடலும் கதையும் சடங்கும் திரட்டும் நாம் அவ்வெல்லைக்கு வெளியே நின்று, நம் பணி யாரையும் புண்படுத்தாது என நம்பிக்கொள்கிறோம். மாண்டல்பாமும் யாரையும் புண்படுத்தவில்லை. ஆயினும் அவர் கேட்காத வினா எது என்று இன்று வினவத் தோன்றுகிறது.

முடிவுரை

கிரீ சமூகங்களின் அனுபவம் மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, இசைவு ஆய்வறத்தின் கீழெல்லையேயன்றி மேலெல்லை அன்று. நார்வே ஹவுஸ் சோதனையின் குற்றம் கையொப்பம் இன்மையோடு முடியவில்லை. இரண்டாவது, தரவின் உடைமையும் கைவசமும் தவிர்க்கவியலாத காப்புகள். எனினும் அவை பிறர் எழுப்பிய வினாவின் விடைகளைக் காப்பதோடு நின்றுவிடக்கூடும். மூன்றாவது, வினா சமூகத்தினுள்ளிருந்து எழும்போதோ, சமூகத்தின் சொல்லால் திருத்தப்படும்போதோதான் கட்டுப்பாடு என்னும் சொல் முழுப்பொருள் பெறுகிறது.

களத்துக்குச் செல்லும் ஆய்வாளர் தம் வினாநிரலின் முதல் வரியாக, உங்கள் ஊரைப் பற்றி எதை ஆராய வேண்டும் என நீங்கள் கருதுகிறீர்கள் என்று கேட்கலாம். அவ்விடைக்கேற்பத் தலைப்பை மாற்றிக்கொள்ள நம் பதிவு விதிகள் இடந்தருமா என்பதைப் பாடத்திட்டக் குழுக்கள் சிந்திக்க வேண்டும்.